கேட்டுக்கொண்டிருந்தவர்

அவரை ‘அவள்’ என்று எழுதிப் பார்த்தேன். மூன்று வரிக்கு மேல் போகவில்லை. பன்னிரண்டு வருடம் கழிந்த பிறகும், மனதில் அத்தனை வசவு இருந்தும், எழுதும்போது கை தானாக ‘அவர்’ என்றுதான் போடுகிறது. அதையும் அவர்மேல் எனக்குள்ள கோபங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டேன்.

எங்களுக்கு அவர் ‘மிஸ்’. பெயர் இருக்கிறது. எழுத மாட்டேன். பெயரைச் சொல்லாமலே ஒரு ஆளைப் பற்றி ஊருக்கெல்லாம் எப்படிச் சொல்வது என்பதை எனக்குக் காட்டியவரே அவர்தான்.

வட்டகொடைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் படித்துக்கொண்டிருந்தபோது, மாகாணப் போட்டிக்குத் தெரிவான எட்டுப் பெண் பிள்ளைகளுக்கு ‘மனப் பயிற்சி’ கொடுக்க வேண்டும் என்று யாரோ மேலே முடிவு செய்தார்கள். அதற்காகக் கண்டியிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை அவர் வந்தார். ஒல்லியான உருவம். வெள்ளைச் சப்பாத்து. எங்கள் மைதானத்தில் மழைக்காலத்தில் கணுக்கால்வரை சேறு ஏறும். அவருடைய சப்பாத்தில் மட்டும் ஒரு பொட்டுச் சேறு ஒட்டி நான் பார்த்ததில்லை. கழுத்தில் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும். அதை அவர் ஒருநாளும் அழுத்தியதில்லை. நேரம் பார்ப்பது நாங்கள் ‘சேர்’ என்று கூப்பிடும் விளையாட்டு மாஸ்டரின் வேலை.

“ஒடம்ப சேர் பாத்துக்குவாரு. மனசும் ஒரு தசைதான். அத நான் பாத்துக்கிறேன்” என்றார் முதல் நாள்.

“மனசுக்கு எப்புடி மிஸ் எக்ஸர்சைஸ்? அதுக்குக் கையி காலா இருக்கு?” என்று ரீட்டா கேட்டாள். நாங்கள் சிரித்தோம். ரீட்டா என் கூட்டாளி. தடை தாண்டி ஓட்டம் ஓடுவாள். வாய் ஓயாது.

மிஸ் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. தலையை இடது பக்கமாக லேசாகச் சாய்த்து ரீட்டாவையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் சிரிப்பு தானாக அடங்கியது.

அன்றைக்கு நல்ல மழை. விளையாட்டுச் சாமான் அறையில் பாயை விரித்து எங்களை உட்கார வைத்தார். கண்ணை மூடச் சொன்னார். நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடச் சொன்னார். பிறகு ஒவ்வொருத்தியும் தன் போட்டியை மனதுக்குள் ஓட வேண்டும். நான் ஆயிரத்து ஐந்நூறு மீற்றர். எங்கள் மைதானத்தில் ஏழரைச் சுற்று. ஐந்தாவது சுற்று வந்ததும் கண்ணைத் திறந்துவிட்டேன்.

“ஏன் மஞ்சு தொறந்தே?”

“முடியல மிஸ்.”

“எந்த எடத்துல முடியல?”

“மூங்கில் பக்கத்து வளைவுல. அங்க எப்பவுமே எனக்குப் பின்னால யாரோ வர்ற மாதிரி இருக்கும்.”

மற்றப் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். மிஸ் மட்டும் தலையைச் சாய்த்தார்.

“பெறகு?” என்றார்.

இந்த ஒரு சொல்தான். அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டிய எல்லாமே இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. எங்கள் வீட்டில், லயத்து வரிசை வீடுகளில், பாடசாலையில் யாரும் என்னிடம் அந்தச் சொல்லைக் கேட்டதில்லை. ‘சரி போ’ என்பார்கள், ‘சொன்னது போதும்’ என்பார்கள். நான் சொன்னதற்கு மேலும் ஏதோ இருக்கிறது, அது தனக்கு வேண்டும் என்று ஒரு பெரிய ஆள் காத்திருப்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அவர் ‘அச்சச்சோ’ என்று சொல்ல மாட்டார். ‘பாவம்’ சொல்ல மாட்டார். இடையில் கையைப் பிடிக்க மாட்டார். கேட்டுக்கொண்டே இருப்பார். அவருடைய பார்வைக்கு முன்னால் வார்த்தை தானாக வழுக்கிக்கொண்டு வரும்.

அந்த வளைவு வரும்போது மூச்சை நீளமாக விட்டு, எனக்கு மட்டும் தெரிந்த ஒரு சொல்லை மனதில் சொல்லச் சொன்னார். இரண்டு மாதத்தில் என் நேரம் ஆறு விநாடி குறைந்தது. சேர் நம்பாமல் கடிகாரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

அவர் கற்றுக்கொடுத்தது பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால் அவரை வெறுப்பது எவ்வளவு லேசாக இருந்திருக்கும்.

பிறகு தனித்தனியாகப் பேசும் நாட்கள் வந்தன. விஞ்ஞான கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. இரண்டு கதிரை, ஒரு ஜன்னல். ஒவ்வொருத்தியும் அரை மணிநேரம் உள்ளே போய் வர வேண்டும். உள்ளே சொன்னது வெளியே போகாது என்று மிஸ் முதலிலேயே சொல்லிவிட்டார். போன பிள்ளைகளில் பாதிப் பேர் கண் சிவந்து வந்தார்கள். ஆனால் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. அதைப் பார்த்து வரிசையில் நின்றவர்களுக்கு உள்ளே போக அவசரம் வந்தது.

ரீட்டா போய்ப் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டாள்.

“என்னடி சொன்னே?”

“நாய்க்குப் பயம்னு சொன்னேன்.”

“ஒனக்கா? நாய்க்கா?”

“வேற என்னத்தச் சொல்ல? பாவசங்கீர்த்தனத்துல ஃபாதர்கிட்டயே நான் எல்லாத்தையும் சொல்றதில்ல. இவங்களுக்கு எதுக்குச் சொல்லணும்?”

அடுத்த முறை மிஸ் வந்தபோது ரீட்டாவைத் தன் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டிருந்தார். சேர் ஏன் என்று கேட்டார். “மனசத் தொறக்காத புள்ளைக்கு நான் ஒண்ணும் செய்ய முடியாது, சேர். மூடுன பெட்டிக்கு மேல தண்ணி ஊத்துன மாதிரிதான்” என்று மிஸ் சாதாரணமாகச் சொன்னார். ரீட்டா அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் மைதானத்தில் தனியாகத் தடைகளை அடுக்கித் தாண்டிக்கொண்டிருப்பாள். நாங்கள் ஏழு பேரும் அறைக்குள் கண்ணை மூடி உட்கார்ந்திருப்போம். ரீட்டாவைப் பார்த்து நான் பரிதாபப்பட்டேன். அன்றைக்கு எங்களில் புத்தியுள்ளவள் அவள் ஒருத்திதான் என்று இப்போது தெரிகிறது.

நான் என் பெட்டியைத் திறந்தேன்.

எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூட லீவு. அம்மா கொழுந்து எடுக்கும் மலைக்கு ரொட்டியும் தேத்தண்ணீரும் கொண்டு போயிருந்தேன். அம்மா தேயிலை நிரையின் கடைசியில் தனியாக நின்றிருந்தார். மரத்திலிருந்த குளவிக்கூடு எப்படிக் கலைந்தது என்று தெரியாது. முதலில் ஒரு இரைச்சல். பிறகு அம்மா கூடையோடு விழுந்தார். தலையெல்லாம் கறுப்பாக இருந்தது. “மஞ்சு! மஞ்சு!” என்று கத்தினார்.

நான் ஓடினேன். திரும்பிப் பார்க்கவில்லை. கீழே ரோட்டோரத்துத் தண்ணீர்க் கானில் இறங்கி, அங்கே கிடந்த ஒரு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு குந்தியிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அம்மாவின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு கேட்கவில்லை. கேட்காமல் போனதும்தான் மேலே ஏறினேன். அந்த நேரம் கொழுந்து லொறி வந்து நின்றது. டிரைவர் இறங்கி, “என்ன புள்ள?” என்றார். நான் மலையைப் பார்த்து விரலை நீட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

ஆட்கள் புகை போட்டுக்கொண்டு போய் அம்மாவைத் தூக்கி வந்தார்கள். எட்டு நாள் ஆஸ்பத்திரி. அம்மா பிழைத்தார். இடது கண் மட்டும் அதற்குப் பிறகு சரியாகத் தெரியவில்லை. மலைக்குப் போக முடியாமல், கொழுந்தெடுக்கும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவில் தொட்டில் ஆட்டும் வேலைக்கு மாறினார்.

“இந்தப் புள்ளதான் ஓடிவந்து லொறிய மறிச்சிச்சு” என்று டிரைவர் எல்லோரிடமும் சொன்னார். நான் மறுக்கவில்லை. அம்மாவுக்கு நினைவு திரும்பியதும் ஆட்கள் முதலில் சொன்ன செய்தி அதுதான். அம்மா அதைப் பிடித்துக்கொண்டார். சொந்தக்காரர் வந்தால், கோயில் திருவிழாவில் யாரையாவது பார்த்தால், பிள்ளைக் காம்பராவுக்கு நர்ஸ் வந்தால், “எம் மக அன்னைக்கு அப்புடி ஓடலன்னா நான் இன்னைக்கு ஏது?” என்று தொடங்குவார். லொறி வந்த வேகம், நான் நடு ரோட்டில் கை இரண்டையும் விரித்து நின்ற விதம் என்று ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடும். அந்தக் கதையைக் கேட்டுத்தான் சேர் என்னை ஓட்டத்துக்கே எடுத்தார்.

இதையெல்லாம் அந்த அறையில் சொன்னேன். எட்டு வருடமாக யாருக்கும் சொல்லாததை அரை மணிநேரத்தில் சொல்லி முடித்தேன். நடுவில் ஐந்தாறு தடவை ‘பெறகு?’ வந்தது. கடைசியில் நான் அழுது ஓய்ந்ததும் மிஸ், “நல்லா சொன்னே” என்றார். பாடத்தை ஒப்பித்த பிள்ளையிடம் சொல்வதுபோல.

அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போகும்போது என் உடம்பு அவ்வளவு லேசாக இருந்தது. மிஸ்ஸுக்காக நெருப்பில் குதிக்கச் சொன்னாலும் குதித்திருப்பேன்.

மாகாணப் போட்டி கண்டியில். நுவரெலியாவில் எல்லோரும் கூடி, அங்கிருந்து பஸ்ஸில் போனோம். இறம்பொடை வளைவுகளில் நான் வாந்தி எடுத்தேன். மிஸ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நெற்றியைப் பிடித்து, மூச்சை எண்ணிக்கொண்டே வந்தார். அவருடைய கை குளிர்ந்திருந்தது. அந்தக் கையை நான் எவ்வளவு நம்பினேன் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

போட்டிக்கு முன் நாங்கள் கயிற்றுக்குப் பின்னால் நின்று கை காலை உதறிக்கொண்டிருந்தோம். மிஸ் கயிற்றருகே வந்து என்னைக் கூப்பிட்டார். என் சொல்லை நினைவுபடுத்தப் போகிறார் என்று நினைத்தேன். என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, மெதுவாக, அன்பாகவே சொன்னார்:

“பின்னால அம்மா கூப்புடுறாங்க, மஞ்சு. குளவி எறங்கிருச்சு. நீ அன்னைக்கு எப்புடி ஓடுனியோ அப்புடி ஓடு.”

எனக்குக் காது அடைத்தது. துப்பாக்கிச் சத்தம் கேட்டதா என்றுகூட நினைவில்லை. மற்றவர்கள் ஓடியதால் ஓடினேன். பிறகு யாரும் என் முன்னால் இல்லை. மூன்றே முக்கால் சுற்றும் எனக்குப் பின்னால் அம்மா கத்திக்கொண்டே வந்தார். கோட்டைத் தாண்டிய பிறகும் நிற்காமல் ஓடினேனாம். இரண்டு பேர் சேர்ந்து பிடித்து நிறுத்தினார்கள். இரண்டாவதாக வந்த பிள்ளை அப்போதுதான் நேர்பாதைக்கே திரும்பிக்கொண்டிருந்தாள்.

சேர் துள்ளினார். ரீட்டா என்னைக் கட்டிப்பிடிக்க ஓடி வந்தவள் என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“ஏய், என்னடி? யாரும் செத்துட்டாங்களா?” என்றாள்.

நான் புல்லில் மண்டியிட்டு வாந்தி எடுத்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தபோது மிஸ் கொஞ்சம் தள்ளி ஒரு சிறு கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ‘பார்த்தாயா, வேலை செய்தது’ என்ற தலையாட்டல்.

அதோடு நின்றிருந்தால் நான் மன்னித்திருப்பேனோ என்னவோ. வென்றவளுக்கு மன்னிப்பது சுலபம்.

ஒரு மாதம் கழித்து ஹற்றனில் ஒரு மண்டபத்தில் வென்ற பிள்ளைகளுக்குப் பாராட்டு வைத்தார்கள். பெற்றோரையும் கூப்பிட்டிருந்தார்கள். அம்மா கல்யாணத்துக்குக் கட்டும் ஊதாச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார். எங்கள் லயத்திலிருந்து இன்னும் நாலைந்து பெண்கள் வந்திருந்தார்கள். மூன்றாவது வரிசையில் அம்மாவுக்கு இடது பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். மாலை போட்டார்கள், கேடயம் கொடுத்தார்கள். பிறகு மனப் பயிற்சி பற்றிப் பேச மிஸ்ஸை அழைத்தார்கள்.

நன்றாகத்தான் பேசினார். கையில் துண்டுச் சீட்டு இல்லை. மூச்சு, மனக்காட்சி, தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் சொல் எல்லாவற்றையும் எங்கள் அம்மாமாருக்கும் விளங்கும்படி சொன்னார். அம்மா வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஒரு புள்ளையப் பத்திச் சொல்றேன்” என்றார் மிஸ். “பேரு சொல்ல மாட்டேன். சின்ன வயசுல அந்தப் புள்ளையோட அம்மாவக் குளவி கொட்டிச்சு.”

அம்மா என் முழங்காலைத் தட்டினார். “நம்ம கததான் சொல்றாங்க” என்று பெருமையாக முணுமுணுத்தார். முன்வரிசைப் பெண் ஒருத்தி திரும்பி அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். அம்மாவும் சிரித்தார்.

“அம்மா கூப்புடுறாங்க. அந்தப் புள்ள ஓடிருச்சு. ஒதவிக்கு ஆள் கூப்புட இல்ல. பயத்துல. கானுக்குள்ள போயி ஒளிஞ்சிக்கிச்சு. அம்மா சத்தம் நிக்கிற வரைக்கும் வெளிய வரல. பெறகு ஒரு லொறி வந்துச்சு. அந்தப் புள்ளதான் லொறிய நிப்பாட்டிச்சுன்னு ஊரே சொல்லிச்சு. புள்ளையும் பேசாம இருந்துக்கிச்சு. எட்டு வருசமா அந்தக் குத்தம் அந்தப் புள்ளையோட மனசுல கெடந்துச்சு. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? அந்தக் குத்தத்தையே எடுத்து அவ காலுக்குப் பெட்ரோலா ஊத்துனேன். இன்னைக்கு அவ மாகாணத்துலயே மொதலாவது.”

மண்டபம் கை தட்டியது. சத்தியமாகச் சொல்கிறேன், கை தட்டினார்கள். எங்கள் லயத்துப் பெண்கள் மட்டும் தட்டவில்லை. அவர்கள் எங்களைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்கள்.

என் முழங்காலில் இருந்த அம்மாவின் கை அப்படியே இருந்தது. இடது கண் தெரியாததால் என்னைப் பார்க்க வேண்டுமென்றால் அம்மா முழு முகத்தையும் திருப்ப வேண்டும். திருப்பினார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மேடையைப் பார்த்துத் திருப்பிக்கொண்டார். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பஸ் தலவாக்கலையைத் தாண்டியது. அதற்குப் பிறகுதான் அம்மா கேட்டார்.

“லொறிய நீ மறிக்கலயா?”

“இல்லம்மா.”

“டிரைவரண்ணன் சொன்னாரே.”

“அவராத்தான் சொன்னாரு. நான் கையத்தான் காட்டுனேன்.”

“நான் கத்துனது கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“ம்” என்றார் அம்மா.

அவ்வளவுதான். திட்டவில்லை. அழவில்லை. இறங்கும் இடத்தில் கடையில் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கினார். வீட்டுக்கு வந்து சேலையை மடித்து வைத்தார். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் எப்போதும்போல இருந்தார். எனக்குச் சோறு போடுவதிலோ தலை வாரி விடுவதிலோ எந்தக் குறையும் வைக்கவில்லை.

ஆனால் அந்தக் கதையை அம்மா அதற்குப் பிறகு ஒருநாளும் சொல்லவில்லை. யாராவது கேட்டால், “ஆமா, அப்ப என்னமோ நடந்துச்சு” என்று எழுந்து வேலை பார்க்கப் போய்விடுவார். அம்மாவிடம் பெரிதாக எதுவும் இல்லை. ஒரு கண், ஒரு காம்பரா, ஊதாச் சேலை ஒன்று. சொல்லிச் சொல்லி அழகாக்கி வைத்திருந்த அந்த ஒரு கதை. அது பொய்தான். அதை உடைக்க வேண்டியவள் நான்தான். உடைத்திருந்தால் என் வாயால், எங்கள் அடுப்படியில் வைத்து உடைத்திருப்பேன். அம்மா என்னை அடித்திருக்கலாம், நான் காலில் விழுந்திருக்கலாம். நூறு பேர் கை தட்டும் மண்டபத்தில் அல்ல.

அடுத்த சனிக்கிழமை மிஸ்ஸை அந்தச் சின்ன அறையில் போய்ப் பார்த்தேன்.

“ஏன் மிஸ் சொன்னீங்க?”

“பேரு சொன்னேனா?”

“எல்லாருக்கும் தெரியும் மிஸ். எங்கம்மா அங்கதான் இருந்தாங்க.”

“தெரியும். அம்மா வருவாங்கன்னு தெரிஞ்சுதான் சொன்னேன். நீயா எப்பயுமே சொல்லியிருக்க மாட்டே, மஞ்சு. ஒளிச்சு வச்சிருந்த வரைக்கும் அது ஒன்ன வெரட்டிச்சு. இனி அது ஒன்ன ஒண்ணும் செய்யாது.”

“அம்மா பேசவே இல்ல மிஸ்.”

அவர் தலையைச் சாய்த்தார்.

“பஸ்ஸுல ஒண்ணுமே கேக்கலயா?”

“கேட்டாங்க. லொறிய மறிக்கலயான்னு...”

“பெறகு?”

நான் சொன்னேன். சண்டை போடப் போனவள், பஸ்ஸில் அம்மா கேட்டதையும் நான் சொன்னதையும் ஒன்றுவிடாமல் அவருக்குச் சொன்னேன். “நான் கத்துனது கேட்டுச்சா” என்று அம்மா கேட்டதைக்கூட. அறையை விட்டு வெளியே வந்து மைதானத்தின் பாதியைக் கடந்த பிறகுதான் உறைத்தது. என் அம்மாவையும் கொண்டுபோய் அவரிடமே கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். ஒரு ஆளிடம் இப்படி ஒரு காது இருந்தால் அந்த ஆளைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும்.

தேசியப் போட்டியிலும் அவர் கயிற்றுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மறுபக்கம் திரும்பினேன். எல்லோரும் பார்த்தார்கள். ஓடினேன். பின்னால் யாரும் வரவில்லை, அம்மா கத்தவில்லை. கால் இரண்டும் வெறும் காலாக இருந்தன. கடைசிக்கு முந்தின ஆளாக வந்தேன். சேர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. மிஸ் அவரிடம், “மனசு பக்குவப்படல, அவசரப்பட்டுட்டா” என்று சொன்னதாக ரீட்டா சொன்னாள்.

அதற்குப் பிறகு நான் போட்டிக்கு ஓடவில்லை. படித்தேன். கல்வியியற் கல்லூரிக்குப் போனேன். இப்போது வட்டவளைப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் நானே விளையாட்டு ஆசிரியை. பிள்ளைகளுக்கு நான்கு எண்ணி மூச்சை இழுக்கவும் ஆறு எண்ணி விடவும் கற்றுக்கொடுக்கிறேன். கண்ணை மூடி வளைவுகளை ஓடச் சொல்கிறேன். எல்லாம் அவரிடம் வாங்கியது. வேறு வழி எனக்குத் தெரியாது, அது வேலையும் செய்கிறது. அதைச் சொல்லும்போதெல்லாம் அவருடைய குரலிலேயே சொல்கிறேன் என்று தெரிந்து எரிச்சலாக வரும். ஒன்றை மட்டும் நான் செய்வதில்லை. எந்தப் பிள்ளையிடமும் எதற்குப் பயம் என்று கேட்பதில்லை. எந்த இடத்தில் கால் தளர்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

சென்ற வருடம் எங்கள் பாடசாலை அதிபர் என்னைக் கூப்பிட்டு, வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து மனப் பயிற்சிக்கு ஒருவரை அனுப்புகிறார்கள் என்றார். யார் என்று நான் கேட்கவில்லை. வாசலில் வெள்ளைச் சப்பாத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

தலை நரைத்திருந்தது. மற்றபடி அதே ஆள்.

“மஞ்சு!” என்றார். மறப்பாரா? “அம்மாவோட கண்ணு எப்புடி? இடது கண்தானே?”

“பரவால்ல மிஸ்.”

“இன்னும் அந்தப் புள்ளக் காம்பராவுலதானா?”

“வேலைய விட்டு நின்னுட்டாங்க.”

பிள்ளைகளை அறிமுகப்படுத்தினேன். மதியத்துக்குப் பிறகு அவர் தனித்தனியாகப் பேச ஒரு அறை கேட்டார். நான் அதற்காகவே காலையிலிருந்து வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன்.

“அறை இல்ல மிஸ். மைதானத்துல வச்சுப் பேசுங்க. எல்லாரும் இருக்கும்போது.”

“அது இப்புடிச் செய்ற வேல இல்லன்னு ஒனக்குத் தெரியாதா?”

“தெரியும். அதனாலதான் சொல்றேன்.”

அதிபர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “என்ன டீச்சர், அவங்க பெரிய படிப்புப் படிச்சவங்க...” என்று இழுத்தார்.

“சேர், என் புள்ளைங்கள கதவச் சாத்தி இவங்களோட இருக்க விட மாட்டேன். வேணும்னா எழுதித் தாறேன். காரணம் கேட்டீங்கன்னா அதையும் எழுதித் தாறேன், எங்கம்மா பேரோட.”

மிஸ்ஸின் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கோபப்பட்டிருந்தால் நானும் கத்தியிருப்பேன். “டீச்சருக்கு விருப்பமில்லன்னா பரவால்ல சேர்” என்று பையை எடுத்துக்கொண்டார். மைதானத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு மணிநேரம் மூச்சுப் பயிற்சி கொடுத்தார். நான் தள்ளி நின்று பார்த்தேன். பிள்ளைகளுக்கு அவரைப் பிடித்துவிட்டது. ஒருத்தி, “மிஸ், இவங்க இனிமே வர மாட்டாங்களா?” என்று என்னிடமே வந்து கேட்டாள். அந்தப் பிள்ளை அவரைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியும்.

பஸ் நிறுத்தம்வரை கூடப் போய் விட்டுவிட்டு வரச் சொன்னார் அதிபர். தூறல் விழுந்துகொண்டிருந்தது. குடை ஒன்றுதான். இரண்டு பேரும் அதற்குள் நடந்தோம். நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. சொல்ல வேண்டும் என்று பதினோரு வருடமாக எனக்குள் வைத்திருந்த ஏச்செல்லாம் வாய்வரை வந்து நின்றது.

மிஸ்தான் முதலில் பேசினார்.

“நீ இன்னும் அதவிட்டு வெளிய வரல, மஞ்சு. பாத்ததுமே தெரிஞ்சுச்சு. அம்மாவும் நீயும் அதப் பத்தி இன்னும் பேசிக்கிட்டதே இல்ல, அப்புடித்தானே?”

நான் ரோட்டைப் பார்த்தேன்.

“ஒருநாள் ஒக்காந்து பேசுவோம். இப்பயே வேணும்னாலும் சொல்லு. எனக்கு அவசரம் இல்ல.”

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். குடைக்குள் அவருடைய முகம் மிக அருகில் இருந்தது. அது கள்ளமில்லாத முகம் என்பதை நான் சொல்லியாக வேண்டும். அவருக்கு உண்மையாகவே என் கதை வேண்டியிருந்தது. அவரைத் தவிர இந்த உலகத்தில் வேறு யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை. அம்மா எழுந்து போகும் ஒவ்வொரு முறையும் என் நெஞ்சில் என்ன நடக்கிறது என்பதை நான் என் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. ஏச வேண்டிய வார்த்தைகள் எங்கே போயின என்று தெரியவில்லை. அந்த இடத்தில் வேறு வார்த்தைகள் வந்து நின்றன. என் வாய் திறந்துவிட்டது. “அம்மா இப்பவெல்லாம்...” என்றுகூட வந்துவிட்டது.

“பஸ் வருது மிஸ்” என்றேன்.

பஸ் வரவில்லை. ரோடு வெறுமையாகத்தான் கிடந்தது. அவர் திரும்பிப் பார்த்த அந்த ஒரு நொடியில் குடையை அவர் கையில் கொடுத்துவிட்டு, மழையில் இறங்கி, பாடசாலையை நோக்கி நடந்தேன். ஓடவில்லை.